முதுகு நடித்த படம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க வெள்ளையாகவே கிடந்தது. எழுத என்ன இருக்கிறது? முழங்கால் வலித்தது, மாத்திரை போட்டேன். தண்ணீர் வந்தது, தண்ணீர் வரவில்லை. எண்பத்து மூன்று வயதில் ஒருவனுடைய நாள் வேறு எப்படிப் போகும்?

இன்று ஒரு பெண் போன் செய்தாள். பெயர் மிருணாளினி, பழைய படங்களைப் பற்றி எழுதுகிறவளாம். "ஏகாம்பரம் சாருங்களா? 'அசல் ஆறுமுகம்' படத்துல நீங்க வேலை பார்த்திருக்கீங்கதானே சார்?" என்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம். அந்தப் படத்தின் பெயரை யாராவது என்னிடம் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பார்த்தேன் என்றேன். புதன்கிழமை நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் சுகந்தி ஆபீசிலிருந்து வந்து, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்றாள். மகள் சம்பாதிக்கிறாள், நான் சமைக்கிறேன். உப்பைப் பற்றிக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. இருந்தாலும் கோபம் வந்தது.

பிப்ரவரி 5, புதன்

மிருணாளினி வந்தாள். முப்பது வயது இருக்கும். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடித்தாள். நல்ல பெண்தான்.

படத்தைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே மறந்து போகலாம். ஐஸ் பாக்டரியில் கணக்கு எழுதும் அப்பாவி ஆறுமுகம். அவனை அச்சில் வார்த்தது போல ரங்கூனிலிருந்து வந்த ஒரு மோசடிக்காரன். போலீஸ் இவனை அவன் என்று பிடிக்கிறது, பெற்ற தாய் அவனை இவன் என்று நினைத்துச் சோறு போடுகிறாள். இரண்டு வேஷமும் சுகிர்தராஜனுக்கு. அப்போதெல்லாம் ஒரே ஆளை இரண்டாகக் காட்ட, லென்சில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை எடுக்க வேண்டும். ஒரு ஷாட்டுக்கு அரை நாள் போய்விடும். அதனால் டைரக்டர் சுருக்குவழி பிடித்தார். இரண்டு பேரும் பேசும்போது ஒருவன் முகம் மட்டும் தெரியும், மற்றவன் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்பான். முகம் சுகிர்தராஜன், முதுகு டூப். ஜெயில் காட்சி முழுவதும் இப்படித்தான் எடுத்தது.

படம் ஒரு வாரம் ஓடியது. பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. பெற்றவளுக்கே பிள்ளை தெரியாதா என்று ஒருவர் கேட்டார். இன்னொரு வாரப் பத்திரிகையில் எழுதியது எனக்கு மனப்பாடம்: 'சுகிர்தராஜனின் முகத்தைவிட அவருடைய முதுகு நன்றாக நடித்திருக்கிறது.' முதுகும் அவருடையது என்றுதான் அந்த விமர்சகர் நினைத்தார், பாவம். கோடம்பாக்கமே சிரித்தது. ஹீரோவால் விமர்சகரை வேலையை விட்டு எடுக்க முடியாது. முதுகை எடுத்துவிட்டார்.

"அந்த முதுகு யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்றாள் மிருணாளினி.

நாற்காலியில் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மாசிலாமணி" என்றாள்.

ஸ்டில் போட்டோ ஒன்றைக் காட்டினாள். செட்டில் சுகிர்தராஜனும் மாசிலாமணியும், இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட கோட்டில். போட்டோகிராபர் பின்னால் பெயர் எழுதி வைத்திருக்கிறார். கோட்டு மூன்று தைத்தார்கள் என்று இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? உயரத்திலிருந்து விழுவதற்கு மாசிலாமணி, நிற்பதற்கு நான்.

"அவரோட கூட இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் சார் மிச்சம். அவர்தானே சார்?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "அவங்க வீட்டம்மாவைப் பார்த்துட்டேன் சார். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் புடிச்சுக்கிட்டவங்க விடவேயில்ல" என்றாள். மார்ச் இரண்டாம் தேதி காலையில் படம் போடுகிறார்களாம். மாசிலாமணியின் மனைவி கனகவல்லிக்குப் பொன்னாடை. நான் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன். எதற்கு ஆமாம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வாழைத்தண்டு நறுக்கினேன். நார் எடுத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பம்மலுக்குப் போய்க் கனகவல்லியைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாசிலாமணி போன பிறகு அவள் தம்பி மகன் வீட்டின் பின்கட்டில் இருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை.

"வாங்கண்ணே, கேட்டீங்களா சங்கதிய?" என்று வாசலுக்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் இவளை இவ்வளவு தெம்பாகப் பார்த்ததில்லை. "கல்யாணமான புதுசுல சொல்லுவாரு, 'ஒரு படத்துல நல்லா வருவேன்டி'ன்னு. நாந்தான் நம்பல. அந்தப் படம் எங்க ஓடுச்சு, நாம்போயிப் பாக்க?"

சுவரில் கல்யாணப் போட்டோ. மாசிலாமணி அதில் கம்பத்தை முழுங்கியவன் போல நிற்கிறான்.

"இந்த ஒண்ணுதாண்ணே இருக்கு. இதப் பாத்துப் பாத்து, ஆளு நடந்தா எப்படி இருப்பாருங்கறதே மறந்துபோச்சு" என்றாள்.

"சால்வையெல்லாம் போடறாங்களாம்மா" என்றேன்.

"அது கெடக்குது" என்றாள். அடக்கமாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லத்தான் போனேன். சொல்லாமல் திரும்பினேன். செத்தவனுக்குப் பெயர் கிடைக்கட்டும், அவளுக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும், இருக்கிறவன் எனக்கு என்னத்துக்கு? பஸ்ஸில் இப்படி நினைத்தபோது என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

மிருணாளினியின் கட்டுரையைச் சுகந்தி செல்போனில் படித்துக் காட்டினாள். அன்றைக்கு விமர்சகர்கள் படத்தைக் குப்பை என்றார்கள். இன்றைக்கு இவர்கள் அதே படத்தைக் காவியம் என்கிறார்கள். படம் மாறவில்லை, அது பாட்டுக்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது.

அந்த முதுகு ஒரு காலத்தின் கேள்விக்குறியாம். அது வளைந்து நிற்பதில் அடிமைப்பட்ட ஒரு சமூகமே தெரிகிறதாம். சிரிப்பு வந்தது. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்வை ஓடி, சொறிய முடியாமல் நெளிந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஓரிடத்தில் எழுதியிருக்கிறாள்: 'தாய் இறந்த செய்தியைக் கேட்டதும் தோள் இரண்டும் மெல்லக் குலுங்கி, உடனே இறுகுகின்றன. அடக்கிக்கொண்ட அழுகை.' அதைச் சுகந்தியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். டைரக்டர் என்னிடம் சொன்னது 'ஆடாம நில்லு' என்பது மட்டும்தான். தோளை நான்தான் குலுக்கினேன், நான்தான் இறுக்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன், தேர்தல் கூட்டத்தில் கோஷம் போட்டிருக்கிறேன். நடித்தது அந்த ஒரு தடவைதான்.

"மாசிலாமணி மாமா இப்படியெல்லாம் நடிப்பாராப்பா? நல்லா விழுவாருன்னுதானே சொல்வீங்க?" என்றாள் சுகந்தி.

"விழறதும் நடிப்புதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பொறுக்க முடியவில்லை. மிருணாளினிக்குப் போன் போட்டேன். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள். "கனகவல்லியம்மா தினம் போன் பண்றாங்க சார். படம் கண்டிப்பா போடுவீங்கதானே, நடுவுல அறுந்து போயிடாதேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சரி, நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"மைக் ஒழுங்கா வேலை செய்யுமாம்மா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 1, சனி

வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். பின்பக்கம் மடிப்பு விழாமல் தேய்க்கச் சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

எழுதவே உடம்பில் தெம்பில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வடபழனியில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர். நூறு பேர் இருந்தால் அதிகம். எல்லாம் இளவட்டங்கள். கனகவல்லி கரும்பச்சைப் புடவையில், தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி முகம். முதல் வரிசையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில்.

முதுகு முதல் தடவை வந்தபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் சாய்ந்தாள். ஜெயில் காட்சி தொடங்கியது.

"அண்ணே."

"ம்."

"இது அவரு இல்லையே."

"அவர்தாம்மா. கேமராவுல அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"சனிக்கெழம தவறாம எண்ணெ தேச்ச முதுகுண்ணே. எனக்குத் தெரியாதா? வலது தோளு எறங்கி இருக்கும்."

"அது பின்னாடி விழுந்து இறங்குனது. இது அதுக்கு முன்னால எடுத்தது."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, "மூச்சு முட்டுது, வெளிய காத்தாட இருக்கேன்" என்று எழுந்து போனாள்.

நான் கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. திரையில் தாய் செத்த செய்தி வரப் போகிறது, தோள் குலுங்கப் போகிறது. அதைப் பெரிய திரையில் பார்க்காமல் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. தோள் குலுங்கியது. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பையன் "ப்பா" என்றான். வாழ்நாள் முழுக்க வராத கூலி அந்த ஒரு 'ப்பா'வில் வந்து சேர்ந்தது. சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கடைசி ரீல். ஐஸ் பாக்டரிக் கூரை. போலீஸ் துரத்துகிறது, மோசடிக்காரன் மதில்மேல் ஓடுகிறான். அது மாசிலாமணி. அந்த ஷாட் படத்தில் இருப்பதையே நான் மறந்து போயிருந்தேன். ஓடுகிறான், ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், கீழே மரத்தூள் குவியலில் விழுகிறான். திரும்பக் கூடாது என்று சொல்லித்தான் ஓடவிட்டார்கள், பயத்தில் திரும்பிவிட்டான். தூரத்துக் காட்சி, யாருக்கு முகம் தெரியப் போகிறது என்று டைரக்டர் அப்படியே விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது. சாட்சாத் மாசிலாமணியின் முகம்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் ஏறினேன், மிருணாளினி கனகவல்லியைக் கைத்தாங்கலாகப் பின்னால் கூட்டி வந்தாள். "மாசிலாமணி பெரிய கலைஞன்" என்று பேசினேன். பொன்னாடை போர்த்தும்போது கனகவல்லி அந்தக் கல்யாணப் போட்டோவில் நிற்பவன் போலவே நின்றாள்.

கனகவல்லியை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பல்லாவரம் தாண்டியதும் கேட்டாள், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு ஒரு மரியாத கிடைக்கட்டும்னுதாம்மா."

"எனக்கென்னாத்துக்கு மரியாத? அவர ஒருக்கா நடமாடப் பாத்துடலாம்னு வந்தேன். ஒரு மாசமா அதே நெனப்பு. சோறு எறங்கல. யாரோ ஒருத்தரு முதுகக் காட்டி இதாம் உம்புருசங்கறாங்க. நீங்களும் கூடச் சேந்துக்கிட்டு ஆமாங்கறீங்க."

யாரோ ஒருத்தர். அந்த நேரத்திலும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. என்ன ஜென்மம் நான்.

கூரைக் காட்சியைச் சொல்ல நாக்கு எழவில்லை. நீ வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது உன் புருஷன் ஓடினான், திரும்பிப் பார்த்தான் என்று எப்படிச் சொல்வது? அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் என் முதுகையே நினைத்துக்கொண்டு அவள் சால்வைக்கு ஆசைப்படுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். சுகந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லப்பா. என்ன விஷயம்?" என்றாள். சொன்னேன். முதுகிலிருந்து ஆரம்பித்து ஆட்டோ வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். "அந்த அழுகை நீங்களாப்பா?" என்றாள் முதலில். அப்புறம்தான் திட்டினாள். "போன எடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லுங்க" என்று எண்ணை அவளே போட்டுக் கொடுத்தாள்.

மிருணாளினியிடம் சொன்னேன். "சார், அந்தக் கட்டுரையும் சேர்த்துப் புத்தகம் பிரஸ்ஸுக்குப் போயிருக்கு" என்றாள். "நான் உங்களை நேர்லயே கேட்டேனே சார்."

"நீ கேட்டேம்மா. தப்பு என்னுது."

"அப்போ அந்த முதுகு யாரோடது?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? அந்தக் கடைசி ரீல் உன்கிட்ட இருக்கா? அதை முதல்ல சொல்லு."

லேப்டாப்பில் முழுப் படமும் இருக்கிறதாம்.

மார்ச் 5, புதன்

கனகவல்லிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு தடவை.

மார்ச் 6, வியாழன்

எடுத்தாள். "நெசமாவாண்ணே? இந்தத் தடவ நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 8, சனி

மிருணாளினி காரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு பம்மல் போனாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

பின்கட்டில் காலி அரிசி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தோம். கனகவல்லி தரையில் உட்கார்ந்தாள். இன்று பூ வைத்துக்கொள்ளவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். மறுபடி ஏமாறக் கூடாது என்கிற முகம்.

கூரை வந்தது. மாசிலாமணி மதில்மேல் ஓடினான்.

அவன் திரும்பிப் பார்த்தான். விழுந்தான். "அய்யோ" என்று கனகவல்லி திரையைப் பிடிக்கப் போகிறவள் போலக் கையை நீட்டிவிட்டாள்.

"இன்னொருக்கா போடும்மா."

போட்டாள்.

"இந்த ஓட்டந்தான். பஸ்ஸப் புடிக்க இப்படித்தான் ஓடுவாரு, கைய ரெண்டையும் விரிச்சுக்கிட்டு. நாங்கூட சிரிப்பேன்" என்றாள். சிரிக்கவும் செய்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. "எம்மாம் ஒல்லியா இருந்திருக்காரு பாருங்கண்ணே. விழுந்தப்ப வலிச்சிருக்கும்ல?"

"மரத்தூள்தாம்மா, பரவாயில்லன்னான்" என்றேன். அப்படித்தான் சொன்னான். அன்றைக்குத்தான் அவன் வலது தோள் இறங்கியது. அதை நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மிருணாளினி மெதுவாகக் கேட்டாள், "ஏகாம்பரம் சார், அப்போ ஜெயில் சீன்ல…"

நான் தரையைப் பார்த்தேன்.

"இதக் கேக்கணுமாக்கும்?" என்றாள் கனகவல்லி. "அன்னிக்கு மேடைக்கு எம்முன்னாடிதானே ஏறிப் போனாரு. அந்தப் படத்துல நிக்கறதுக்கும் இவரு நடந்ததுக்கும் என்ன வித்தியாசம்? கூனு ஒண்ணுதான் கூட."

அப்படியானால் ஆட்டோவில் 'யாரோ ஒருத்தர்' என்றது தெரிந்தே சொன்னது. எனக்கு வேண்டியதுதான்.

"பொஸ்தகத்துல அவரு பேர எடுத்துரும்மா" என்றாள் மிருணாளினியிடம். "அவரு நிக்கல. செய்யாத வேலைக்கு அவருக்குப் பேரு வேணாம். மதிலு மேலேந்து விழுந்தது மாசிலாமணின்னு போடு. அதுக்குத்தானே ஆயுசுக்கும் எண்ணெ தேச்சேன். நின்னது இவருன்னு போடு."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன மாதம் பஸ்ஸில் வந்த பெருந்தன்மை இன்றைக்கு வரவில்லை. மிருணாளினி பேனாவை எடுத்து எழுதியதை எட்டிப் பார்த்தேன். "இனிஷியல் விட்டுட்டியேம்மா. டி. ஏகாம்பரம்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு 'டி' போட்டாள். பிரஸ்ஸில் நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறாளாம், முடியாவிட்டால் தனியாக ஒரு தாள் ஒட்டுவார்களாம். அதுவும் போதும்.

கனகவல்லி எங்களைக் கவனிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னாள். மதில்மேல் அவன் ஓடத் தொடங்கினான். அவள் விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"அங்க நிறுத்தும்மா" என்றாள். "போதும். விழ வேணாம்."